சர்வேயர் மொழியில் ஐந்து வாக்கியங்கள்

வந்திருந்தவர்கள்:

பல்செட் அக்கா, தலைவர். கூட்டம் நடப்பது அவருடைய பட்டறையில்.
எக்ஸ்ரே, உறுப்பினர். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் எடுப்பவர்.
சர்வேயர், உறுப்பினர். ஓய்வு பெற்றவர், வயது எழுபத்தொன்று. இன்று இலக்கணம் படிப்பவர்.
சர்வேயரின் மகன். உறுப்பினர் இல்லை. பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். கதவோரம் நாற்காலி.
நான். குறிப்பு எழுதுபவன்.

வராதவர்கள்: யாரும் இல்லை.

குறிப்பு நோட்டில் அன்றைய பக்கத்தில் என் கையெழுத்து இவ்வளவுதான். அதற்குக் கீழே ரத்தம். பெரும்பாலும் என்னுடையது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் மொழி செய்கிறவர்கள். ஒலிகளைப் பொறுக்கி, சொற்களைக் கட்டி, பெயருக்கு வேற்றுமை, வினைக்கு விகுதி எல்லாம் வைத்து ஒரு முழு இலக்கணம் எழுத வேண்டும். பிறகு அதைப் பத்து ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மற்றவர்களுக்கு முன்னால் கரும்பலகையில் படித்துக் காட்ட வேண்டும். இதனால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் கிடையாது. "இருக்கிற பாஷையில பேசவே நம்ம வீட்டுல ஆளு இல்ல, உனக்குப் புதுசா வேற ஒண்ணு கேக்குதா" என்று என் அம்மா கேட்டாள். எனக்கு ஐஸ் கிடங்கில் இரவு வேலை. காலை ஆறுக்கு முடியும். ஞாயிறு என்றால் நேராகப் பட்டறைக்கு வந்து, அக்கா கதவைத் திறக்கும் வரை படிக்கட்டில் உட்கார்ந்து தூங்குவேன். எல்லோரும் என்னை ஐஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். கல்லூரியை மூன்றாம் வருடத்தில் விட்டவன். விட்ட காரணம் நான் உடைத்த ஒரு விரிவுரையாளரின் மூக்கு.

பட்டறை முதல் மாடியில். கீழே டயர் கடை. சுவர் முழுக்கத் தட்டு, தட்டு முழுக்க வெள்ளைச் சுண்ணாம்புத் தாடைகள். யார் யாருடைய வாயோ அச்செடுத்து, பெயர்ச்சீட்டு ஒட்டி, வரிசையாக இளித்துக்கொண்டிருக்கும். நடுவில் நீள மேஜை, ஓரத்தில் பல்லைத் தேய்க்கும் மோட்டார், முக்காலி மேல் கரும்பலகை. அதற்கு மேலே அக்கா கையால் எழுதி ஒட்டிய அட்டை: வாக்கியத்தைப் பார், விஷயத்தைக் கேட்காதே.

அந்தச் சட்டம் சும்மா வரவில்லை. முன்பு ஒரு புருஷன் பெண்டாட்டி உறுப்பினர்களாக இருந்தார்கள். அவர் தன் மொழியில் "அவள் கூந்தல் ஈரமாக இருந்தது" என்று ஒரு உதாரணம் எழுதினார். அந்த அம்மாள் எழுந்து "எவ?" என்றாள். அன்றைக்கு உடைந்த தாடைகள் பதினெட்டு. மறுவாரம் அட்டை ஏறிவிட்டது. அதிலிருந்து உதாரண வாக்கியத்தில் யார், எங்கே, ஏன் என்று கேட்பது குற்றம். எழுவாய் எது, செயப்படுபொருள் எது, அதை மட்டும்தான் கேட்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் உதாரணங்களில் எப்போதும் அடிதடிதான். யார், யாரை, எதால், எங்கே என்று நாலையும் ஒரே வாக்கியத்தில் காட்ட அடிப்பதைவிட வசதியான வினை கிடையாது. அக்காவின் மொழியில் முதல் வாக்கியமே "நீதிபதி பூனையைக் கொன்றார்." எக்ஸ்ரேயின் மொழியில் ஒரு தையல்காரனை நாலு பாடத்தில் ஆறு தடவை கிணற்றில் தள்ளியிருக்கிறார். நான் செய்த மொழியில் முதல் ஞாயிறு முடிவதற்குள் மூன்று கொலை. ஆகவே சர்வேயர் எழுதியது எங்களுக்குப் புதிதாகத் தெரியவில்லை.

அவர் மொழி நல்ல மொழி. நான் பார்த்ததிலேயே நேர்த்தியானது. வாழ்க்கை முழுக்கச் சங்கிலி பிடித்து அளந்தவர் அல்லவா, ஒவ்வொரு வினைக்கும் கடைசியில் ஒரு தூரம் வைத்திருந்தார். செய்கிறவன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் ஒரு விகுதி, அதே அறையில் இருந்தால் ஒன்று, சுவருக்கு அந்தப் பக்கம் என்றால் ஒன்று, தெருவில் என்றால் ஒன்று. லிரு என்றால் மகன். பெகா என்றால் அப்பா. தக் என்றால் அடி. லிரு பெகா தக்கமே. மகன் அப்பாவைக் கைக்கெட்டும் தூரத்தில் அடிக்கிறான். இரண்டாவது ஞாயிறே இதை எழுதினார். அழகாக இருக்கிறது என்று நாங்கள் கை தட்டினோம். மகனும் கதவோரத்தில் உட்கார்ந்து கை தட்டினான். பொருளைத் தாளில் எழுதித்தான் எங்களுக்குக் கொடுப்பார், ஆகவே அவனுக்கு ஒரு எழுத்துப் புரியாது.

மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பது வயது, கழுத்தில் விசில், எப்போதும் சலவை செய்த டிராக் சூட். அப்பாவைக் கையைப் பிடித்து மாடி ஏற்றிக் கூட்டி வருவான். எல்லோருக்கும் பிஸ்கட் கொண்டுவருவான். "மூளைக்கு வேலை கொடுக்கணும்னு டாக்டர் சொன்னாருங்க. செஸ் மாதிரிதானே இதுவும்?" என்பான். அக்கா எங்களிடம், "பெத்தா இப்படி ஒரு பிள்ளையைப் பெக்கணும்" என்பார். "நீங்க பல்லைத்தான் செய்வீங்க, பிள்ளையை எங்க செய்யப் போறீங்க" என்று எக்ஸ்ரே சொல்வார். அக்கா சாந்துக் கரண்டியை ஓங்குவார். இப்படிப் போய்க்கொண்டிருந்தது.

மூன்றாவது ஞாயிறு எழுதியது: பெகா சிந்தினான், லிரு தட்டால் அடித்தான். இரண்டையும் சேர்க்க நடுவில் ஒரு இடைச்சொல் தேவையா என்று முக்கால் மணி நேரம் பேசினோம். நான்காவது ஞாயிறு: பெகா மெதுவாகச் சாப்பிட்டான், லிரு அதே தட்டால் அடித்தான். "அதே" என்பதற்கு அவர் வைத்த சொல் எக்ஸ்ரேக்குப் பிடித்துவிட்டது. அதைத் தன் மொழிக்குக் கடன் கேட்டார்.

ஆறாவது ஞாயிறு எழுதியது நீளம்: லிரு பெகாவின் தலையைத் தொட்டித் தண்ணீரில் பிடித்தான், பெகா எண்பது வரை எண்ணினான்.

நான் கை தூக்கி, "எண்பதுக்கு அப்புறம் என்ன சார்?" என்றேன்.

அவர் சாக்பீஸைப் பார்த்தபடி, "எண்பதுக்கு மேல எண்ண முடியலப்பா" என்றார்.

நாங்கள் சிரித்தோம். எண்பதோடு முடியும் எண் வரிசை. என்ன துணிச்சல் என்று அக்கா வியந்தார். அன்றைய குறிப்பில் நான் எழுதியிருக்கிறேன்: "எண்கள் எண்பதோடு நிற்கின்றன. காரணம் கூறப்படவில்லை." இப்போது அந்த வரியைப் படித்தால் என் கையை நானே ஐஸ் அறுக்கும் ரம்பத்தில் வைக்கலாம் போலிருக்கிறது.

பத்தாவது ஞாயிறு கடைசி ஞாயிறு. அன்றைக்கு ஒரு வழக்கம் உண்டு. மொழி செய்தவர் யாரும் பார்த்திராத ஐந்து வாக்கியங்களைப் பலகையில் எழுதுவார். அதை எவன் முதலில் தப்பில்லாமல் வாய்விட்டுத் தமிழில் சொல்கிறானோ அவன் பெயர் அந்த மொழியின் முதல் பேச்சாளன் என்று நோட்டில் ஏறும். ஏறிவிட்டால் எவனும் அழிக்க முடியாது. அது எனக்கு வேண்டும். வேறு எதிலும் நான் முதல் ஆள் கிடையாது. பத்து வாரமாக ஐஸ் பாளத்தை உருட்டிக்கொண்டே சர்வேயர் சொற்களை மனப்பாடம் செய்திருந்தேன்.

சர்வேயர் அன்று வரும்போதே ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தார். உட்காரும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டார். பலகைக்குப் போவதற்கு முன்னால் அக்காவிடம் மெதுவாக, "இன்னைக்கு வாய்விட்டுச் சொல்ல வேணாம்மா. எழுதிக் காட்டினா போதாதா?" என்றார்.

"அதெப்படி சார். பத்து வருஷமா எல்லாருக்கும் ஒரே சட்டம்."

"இன்னைக்கு மட்டும்."

"நீங்களே இப்படிக் கேட்டா எப்படி? ஐஸு பாருங்க, ராத்திரி பூரா தூங்காம வந்து உக்காந்திருக்கான்."

அவர் என்னைப் பார்த்தார். நான் பல்லைக் காட்டினேன். அவர் திரும்பி, கதவோரம் செய்தித்தாள் படிக்கும் மகனைப் பார்த்தார். பிறகு எழுதினார். கோடு போட்டதுபோல நேரான ஐந்து வரிகள். எழுதி முடித்தபோது சாக்பீஸ் கையிலேயே பொடியாகியிருந்தது.

நான் எழுந்து நின்றேன். எக்ஸ்ரே இன்னும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முந்திக்கொண்டேன்.

"ஒண்ணு. பெகா படுக்கையை நனைச்சான், லிரு பெகா மேல வெந்நீர் ஊத்தினான். ரெண்டு. லிரு செருப்புக் காலால பெகாவோட விலாவுல மிதிச்சான். மூணு. லிரு ஞாயித்துக்கிழமை மட்டும் பெகாவுக்கு நல்ல சட்டை போட்டு விடறான்."

மூன்றாவதைச் சொல்லும்போதுதான் என் வாய் என்ன சொல்கிறது என்று என் காதுக்குப் போனது. சர்வேயர் நல்ல சட்டை போட்டிருந்தார். கழுத்து வரை பொத்தான். வாய் நிற்கவில்லை. மலையிலிருந்து உருண்ட கல் பாதியில் நிற்குமா.

"நாலு. அடுத்த வாரத்துல இருந்து பெகா இங்க வர மாட்டான், லிரு வேணாம்னு சொல்லிட்டான். அஞ்சு. இன்னைக்கு வீட்டுக்குப் போனா பெகா சாவான்."

அதோடு விட்டேனா. "சரியா சார்?" என்றும் கேட்டேன்.

கீழே டயர் கடையில் காற்றடிக்கும் சத்தம். பிறகு செய்தித்தாளை நான்காக மடிக்கும் சத்தம். மகன் அதை ஒழுங்காக மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தான்.

"இதான் செஸ் மாதிரியாப்பா?" என்றான்.

அக்கா சட்டென்று, "தம்பி, இதெல்லாம் உதாரணம். நான்கூட நீதிபதி பூனையைக் கொன்னாருன்னு எழுதியிருக்கேன். விஷயத்தை யாரும் பாக்க மாட்டோம்" என்றார். சர்வேயர் தப்பிக்க ஒரு வழி வைக்கப் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

"தெரியும் மேடம். வயசாயிடுச்சு, என்னத்தையோ எழுதறாரு. மன்னிச்சுக்கோங்க." மகன் சிரித்துக்கொண்டேதான் வந்தான். வந்து அப்பாவின் பிடரியில் கை வைத்தான். தடவிக் கொடுப்பதுபோல்தான் இருந்தது. ஆனால் சர்வேயரின் தலை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போனது. "வாங்கப்பா, போலாம். பிஸ்கட் அப்படியே இருக்கட்டும், இவங்க சாப்பிடுவாங்க."

சர்வேயர் இரண்டு கையாலும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்கப்பா."

விடவில்லை. மகன் குனிந்து, பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிக்கிறவன் மாதிரி, விரல் விரலாகப் பிரித்தான். சுண்டு விரல், மோதிர விரல். நடுவிரல் பிரியவில்லை. அதைப் பின்பக்கமாக மடக்கினான். ஒரு சத்தம் வந்தது. குச்சி ஐஸை வாயில் வைத்து உடைத்தால் வருமே, அது.

எக்ஸ்ரே எழுந்துவிட்டார். "உடைஞ்சிருச்சு" என்றார். பிறகு, யாரும் கேட்காமலே, "போன மாசம் நான்தான் படம் எடுத்தேன். மூணு விலா. வழுக்கி விழுந்துட்டேன்னாரு. நான் படம் எடுக்கிறவன்தானே, படிக்கிறவன் இல்லையே" என்றார்.

நான் கரும்பலகையின் முக்காலியை உருவினேன். பலகை விழுந்து மேஜையில் மோதி இரண்டாகப் பிளந்தது. முதல் அடி அவன் தோளில். அவனுக்கு உறைக்கவே இல்லை. திரும்பி, விளையாட்டு மைதானத்தில் பையன்களை நிறுத்துகிற மாதிரி ஒரு கையை நீட்டி, "அண்ணே, இது குடும்ப விஷயம்" என்றான். இரண்டாவது அடி அந்தக் கையில். அதற்குப் பிறகு அவன் அண்ணே என்று சொல்லவில்லை.

அவன் அடிக்கத் தெரிந்தவன். நான் கோபம் மட்டும் உள்ளவன். வயிற்றில் ஒரு முழங்கால். குனிந்தபோது பிடரியில் முழங்கை. தரையில் விழுந்தபின் வாயில் ஷூ. ஒரு பல் நாக்குக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. நோட்டு என் நெஞ்சுக்குக் கீழே கிடந்தது. எழுந்திருக்கப் பார்த்தேன். காதில் மிதித்தான். அப்போது எக்ஸ்ரே, வாழ்க்கையில் ஒரு எறும்பை நசுக்காத மனிதர், தட்டிலிருந்து தாடைகளை எடுத்து எறிய ஆரம்பித்தார். ஒவ்வொன்றாக, குறி பார்த்து. முகத்தில் ஒன்று, மார்பில் ஒன்று, என் முதுகில் இரண்டு. சுண்ணாம்பு மாவு பறந்து யாருக்கும் கண் தெரியவில்லை. "டேய் என் ஆர்டர்டா, நாளைக்குக் கொடுக்கணும்டா" என்று அக்கா கத்தினார். கத்திக்கொண்டே அவரும் ஒன்றை எடுத்தார். எறியவில்லை. கிட்டே போய் அவன் மூக்கின் மேல் வைத்துக் குத்தினார்.

அவன் அக்காவைத் தள்ளினான். அவர் மோட்டாரில் போய் விழுந்தார். அந்த ஒரு நொடி போதும். நான் அவன் காலைப் பிடித்து இழுத்துக் கவிழ்த்து, மேலே ஏறி உட்கார்ந்தேன். அடித்தேன். எத்தனை என்று எண்ணவில்லை. அவன் முகம் முகமாக இல்லாமல் போன பிறகும் அடித்தேன். கை வலித்தது, அது நன்றாக இருந்தது. பொய் சொல்ல விரும்பவில்லை. அந்த நேரத்தில் சர்வேயரைப் பற்றி ஒரு நினைப்பும் எனக்கு இல்லை.

என் முதுகில் ஒரு கை. லேசான கை. திரும்பினால் சர்வேயர். உடைந்த விரல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

"போதும்ப்பா. செத்துருவான்" என்றார். "என் பையன்ப்பா."

டயர் கடைக்காரர்கள் நாலு பேர் மேலே வந்து எங்களைப் பிரித்தார்கள். போலீஸுக்கும் அவர்கள்தான் சொன்னார்கள்.

போலீஸ் நிலையத்தில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தோம். மகனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மூக்கில் பஞ்சு அடைத்து, புருவத்தில் தையல் போட்டு, திரும்பக் கூட்டி வந்தார்கள். சர்வேயரின் விரலில் குச்சி வைத்துக் கட்டியிருந்தது. எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்கள். பல்லைத் துப்பி அதில் போட்டேன்.

இன்ஸ்பெக்டர் நோட்டைப் புரட்டினார். ரத்தம் காய்ந்து பக்கங்கள் ஒட்டியிருந்தன. நகத்தால் பிரித்துப் பிரித்துப் படித்தார்.

"நீதிபதி பூனையைக் கொன்றார். யாரு அந்த நீதிபதி?"

"அது உதாரணங்க" என்றார் அக்கா.

"தையல்காரனைக் கிணத்துல தள்ளினது?"

"அதுவும் உதாரணம்" என்றார் எக்ஸ்ரே.

"அப்ப அப்பா தலையை மகன் தொட்டித் தண்ணியில பிடிச்சது?"

"அது நிஜம்" என்றோம் மூன்று பேரும்.

"எப்படித் தெரியும்? எல்லாம் ஒரே மாதிரிதானே எழுதியிருக்கு?" அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். அப்படி ஒரே மாதிரி எழுதுவதற்காகத்தான் பத்து வருடம் அட்டை ஒட்டி வைத்திருந்தோம்.

இன்ஸ்பெக்டர் நாற்காலியைச் சர்வேயர் பக்கம் இழுத்துப் போட்டார். "பெரியவரே, இவங்க சொல்றதெல்லாம் விடுங்க. நீங்க சொல்லுங்க. உங்க பையன் உங்களை அடிச்சானா?"

மகன் எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஒரு கண் மூடியிருந்தது. மற்றொரு கண் அப்பாவைப் பார்த்தது.

"என் பையன்" என்று ஆரம்பித்தார். தொண்டையைக் கனைத்தார். "என் பையன்..." மறுபடி நின்றது. உதடு மட்டும் அசைந்தது. பிறகு வேறு குரலில், தங்கு தடையில்லாமல், தன் மொழியில் பேசினார். நாங்கள் பலகையில் எழுத்தாகத்தான் பார்த்திருந்தோம். அவர் அதை இப்படிப் பேசிக் கேட்டதில்லை. தனியாக நிறையப் பேசியிருப்பார் போல. தட்டு, தொட்டி, வெந்நீர், விலா, எல்லாம் வந்தது. எங்களுக்கு எழுதிக் காட்டாதவையும் வந்தன. இஸ்திரிப்பெட்டி. கக்கூஸில் வைத்துச் செய்தது ஒன்று. அதை எழுத மாட்டேன்.

எக்ஸ்ரே அழுதுகொண்டே தமிழில் சொல்ல ஆரம்பித்தார். இன்ஸ்பெக்டர் கையை நீட்டி நிறுத்தினார். "நீங்க சொன்னா அது நீங்க சொன்னதா ஆயிரும். அவர் வாயால வரணும். பெரியவரே, தமிழ்ல சொல்லுங்க."

"வரலைங்க."

"ஏன் வரல? இப்ப என்கிட்ட பேசறது தமிழ்தானே?"

"மத்ததெல்லாம் வருது. அது மட்டும் வரல. அவனுக்குப் பேசச் சொல்லிக் கொடுத்தது நான்தாங்க. அவன் அம்மா பிரசவத்துலயே போயிட்டா. ஒவ்வொரு வார்த்தையா, மடியில வெச்சு..." அவர் நிறுத்திக்கொண்டார். "அதே வார்த்தையை வெச்சு அவனைப் பத்தி இதைச் சொல்ல முடியலைங்க. அதுக்குத்தான் வேற செஞ்சேன்."

இன்ஸ்பெக்டர் கெட்ட மனிதர் இல்லை. "பாஷை தெரியலைன்னா மொழிபெயர்க்க ஆள் வைக்க வழி இருக்கு. இதை எத்தனை பேர் பேசறாங்க?"

"நாலு பேர்" என்றேன், வாய் முழுக்க ரத்தத்தோடு.

"அதுல ஒருத்தன் நீ. உன்னை இப்ப உள்ளே வெக்கப் போறேன். இன்னொருத்தர் இவரே. மிச்சம் ரெண்டு பேரும் தாடையால ஆளை அடிச்சவங்க. கோர்ட்டுல என் தோலை உரிச்சிருவாங்கய்யா."

மகனிடம் காகிதம் கொடுத்தார்கள். அவன் கை கட்டுப்போட்டிருந்தும் அழகாக எழுதினான். தேதி, இடம், நேரம், என் அங்க அடையாளம், முக்காலியின் நீளம். ஒரு பிழை இல்லை. நல்ல தமிழ். அப்பா நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். கீழே கையெழுத்துப் போட்டான். கான்ஸ்டபிள் என் பெல்ட்டையும் செருப்பையும் வாங்கிக்கொண்டு என்னை லாக்கப்பில் விட்டார். அக்காவையும் எக்ஸ்ரேயையும் நாளைக் காலை வந்து கையெழுத்துப் போடச் சொல்லி அனுப்பினார்கள். அக்கா போகும்போது சர்வேயரின் தோளைத் தொட்டார். எங்கள் வீட்டுக்கு வாங்க என்றார். மகன், "பரவாயில்ல மேடம், வீடு இருக்கு" என்றான். அக்கா போய்விட்டார். வேறு என்ன செய்வார்.

கம்பி வழியாக எனக்கு எல்லாம் தெரிந்தது. மேஜை, ஃபைல் கட்டுகள், காகிதத்தில் துளை போடும் இரும்பு மெஷின், அதற்குப் பக்கத்தில் மகன் எழுதிய புகார். சர்வேயர் பெஞ்சு நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"கூட்டிட்டுப் போங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "ஆனா ஒண்ணு. நாளைக்கு ஆள் அனுப்பிப் பாப்பேன்."

"தாராளமா அனுப்புங்க சார். எங்க அப்பா சார்." மகன் எழுந்து, நொண்டியபடி வந்து, கையை நீட்டினான். "போலாமாப்பா? வீட்டுக்குப் போய் நிதானமாப் பேசிக்கலாம்."

நிதானமா என்று சொன்னபோது சர்வேயரின் வேட்டி நனைவதைப் பார்த்தேன். மெதுவாகப் பரவி, பெஞ்சிலிருந்து தரையில் சொட்டியது. மகனும் பார்த்தான். மூடாத கண்ணை ஒரு முறை சிமிட்டினான். அவ்வளவுதான். மற்ற யாரும் கவனிக்கவில்லை.

"போலாம்ப்பா" என்றார் சர்வேயர். நல்ல கையை மேஜையில் ஊன்றி எழுந்தார். எழும்போது அந்தக் கை துளை போடும் மெஷினை எடுத்தது. எழுபத்தொரு வயசு ஆள் அப்படித் திரும்பி நான் பார்த்ததில்லை. முதல் அடி தையல் போட்ட புருவத்தில். மகன் "அப்பா" என்றான். இரண்டாவது அதே இடத்தில். அவன் முட்டி போட்டான். மூன்றாவது தலை உச்சியில். அது விழுந்த சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்து இரண்டு கான்ஸ்டபிள்கள் ஓடி வந்தார்கள். ரத்தம் புகார்க் காகிதத்தின் மேல் தெறித்துக் கையெழுத்தை மூடியது.

சர்வேயர் மெஷினை மறுபடி மேஜையில், இருந்த இடத்தில், நேராக வைத்தார்.

"யோவ் பெரியவரே" என்றார் இன்ஸ்பெக்டர். அவர் முகத்திலும் இரண்டு சொட்டு. "என்னய்யா பண்ணிட்டீங்க? போலீஸ் ஸ்டேஷன்ல, என் கண்ணு முன்னாடி."

"ஆமாங்க."

"ஏற்கெனவே அடிபட்டவன். நான் பாத்தேன், இவங்க பாத்தாங்க. இதை நான் எப்படி மறைக்கறது? வீட்டுக்கு அனுப்ப முடியாது இப்ப."

"அனுப்ப வேணாம்" என்றார் சர்வேயர். தமிழில்தான் சொன்னார். திக்கவில்லை.

மகனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மூச்சு இருந்தது. வாசல் வரை அவன் ஒரு கை தரையில் இழுபட்டுக்கொண்டே போனது. சர்வேயர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, யாரும் கேட்பதற்கு முன்னால், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். வேட்டிமேல் கட்டியிருந்த பெல்ட்டைக் கழற்ற ஒரு கையால் முடியவில்லை. கான்ஸ்டபிள் வந்து கழற்றி விட்டார். சட்டைப் பையில் இருந்த ஒரு துண்டு சாக்பீஸையும் எடுத்து வைத்தார்.

கான்ஸ்டபிள் கம்பிக் கதவைத் திறந்து, "தலையைப் பாத்து, நிலை தாழ்வா இருக்கு" என்றார். சர்வேயர் குனிந்து உள்ளே வந்தார். நான் சுவரோரம் நகர்ந்து இடம் விட்டேன். அவருக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது. கான்ஸ்டபிள் பூட்டை மாட்டி, சாவியைத் திருப்பி, பூட்டியிருக்கிறதா என்று இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.